கல்லறை வேலியில் காந்தள்

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் இரண்டாம் நாள், இறந்தோர் அனைவரின் நினைவு நாளன்று, காங்கேயத்தை அடுத்த எங்கள் சிற்றூர்ப் பங்கின் மக்கள் மாலை வேளையில் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வது வழக்கம். முதல் நாளே புல் செதுக்கிச் சுண்ணாம்பு பூசிய கல்லறைகள்மேல் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் சம்பங்கியும் குவிந்திருக்கும். காற்றில் மெழுகுவர்த்திகள் அணைவதும், சிறுவர்கள் ஓடியோடி அவற்றை மீண்டும் ஏற்றுவதுமாக இருக்கும். சில ஆண்டுகளுக்குமுன் அத்தகைய ஒரு மாலையில் கண்ட சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன், தன் பாட்டனாரின் கல்லறைக்குப் பூ போதவில்லை என்று எண்ணினான் போலும். தோட்டத்தின் தென்புற வேலியை நோக்கி ஓடினான். அங்கே முள்கிளுவையின்மேல் பற்றிப் படர்ந்து, தீயின் நாக்குகளைப் போல் மேல்நோக்கி வளைந்த இதழ்களோடு ஐந்தாறு பூக்கள் நின்றன. இதழின் நுனி சிவப்பு, அடி மஞ்சள், ஓரமெல்லாம் அலையலையாய்ச் சுருக்கம். அவன் கைநீட்டியதுதான் தாமதம், பின்னாலிருந்து பாட்டியின் குரல் எழுந்தது.

"அடச் சாமி, அதத் தொடாத கண்ணு! கண்வலிப்பூ அது. உத்துப் பாத்தாலே கண்ணு நோவும்!"

"அப்பாருக்கு ஒண்ணே ஒண்ணு வெக்கிறேன் ஆத்தா."

"வேண்டாங் கண்ணு. அது அங்கயே இருக்கட்டும். அப்பாரு அங்கிருந்தே பாத்துக்குவாரு."

சிறுவன் கையை இழுத்துக்கொண்டான். ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சென்றான். நானும் பார்த்தேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கொரு முறை அவ்வேலியைக் கடந்து சென்றிருந்தும், அப்பூவை நின்று பார்த்தது அன்றுதான்.

வாசகர்களே, நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில் துலிப் மலர்த் தோட்டங்களைக் கண்டிருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளுமாய் வரிசை வரிசையாய் நிற்கும் அம்மலர்களைக் காண்பதற்கென்றே பலர் காஷ்மீரத்திற்குச் செல்கின்றனர். சிறீநகரில் தால் ஏரிக்கு அருகே 2007-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தோட்டம் அதற்கெனவே அமைந்தது. ஆனால் அங்கே நிற்பவை மனிதன் கலப்பினம் செய்து உருவாக்கிய தோட்டத்துத் துலிப்புகள். அவற்றின் முன்னோரான காட்டுத் துலிப்புகள் நடு ஆசியாவின் மலைச்சரிவுகளில் பிறந்தவை. நம் மேற்கு இமயத்திலும் மெலிந்த இதழ்களையுடைய ஒரு காட்டு இனம் உண்டு. ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் துலிப்பைப் பயிரிட்ட குளூசியஸ் என்னும் தாவர அறிஞரின் பெயரையே அதற்குச் சூட்டியுள்ளனர். அவர் நட்டு நாற்பது ஆண்டுகள் கழிவதற்குள் அந்நாட்டார்க்குத் துலிப் கிழங்கின்மேல் பித்தேறிவிட்டது. ஒரு கிழங்கின் விலை ஒரு வீட்டின் விலைக்கு ஏறியது. 1637-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரே வாரத்தில் சரிந்தது. கிழங்கு வணிகத்தின் இவ்வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; காங்கேயத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

துலிப்புக்கும் நம் கண்வலிப்பூவுக்கும் தூரத்து உறவு இருக்கிறது. பழைய தாவர நூலார் இரண்டையுமே லீலிக் குடும்பத்தில் வைத்தனர். இக்கால நூலார் கண்வலிப்பூவைத் தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டாலும், இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த பங்காளிகளே. இரண்டும் மண்ணுக்குள் கிழங்காய் உறங்கி, பருவம் வந்ததும் எழுந்து, பூத்து, மீண்டும் மண்ணுக்குள் அடங்குபவை. இயேசு பெருமான் மலைப்பொழிவில் சுட்டிக்காட்டிய வயல்வெளி மலர் எதுவென்று ஆராய்ந்த விவிலிய அறிஞர்களுள் சிலர், அது கலிலேயா நாட்டின் செந்நிற அனிமோனே என்பர். வேறு சிலர் காட்டுத் துலிப்பையும் கருதுவர். எதுவாயினும் அது எவரும் நடாத, எவரும் நீரூற்றாத மலர். எங்கள் பக்கத்தில் அப்படியொரு மலரைக் காட்டச் சொன்னால், நான் இதைத்தான் காட்டுவேன்.

இதன் பழம்பெயர் காந்தள். சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொல்கிறார். அப்பட்டியலின் தலையில் நிற்பது செங்காந்தளே. மகளிரின் விரல்களுக்கு அதன் இதழ்களை உவமை சொல்லாத புலவர் அரிது. மலையும் மலைசார்ந்த நிலமுமாகிய குறிஞ்சிக்குரிய பூவாக அதை அவர்கள் வைத்தனர். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். தென் ஆப்பிரிக்கப் பகுதியில் உள்ள சிம்பாப்வே நாட்டிற்கோ அது தேசிய மலர். 1947-ஆம் ஆண்டு அந்நாட்டுப் பகுதிக்கு வந்த இளவரசி எலிசபெத்துக்கு, பள்ளிக் குழந்தைகள் பணம் சேர்த்து இம்மலரின் வடிவில் வைர அணி ஒன்றைப் பரிசளித்தனர்.

தாவர வகைப்பாட்டின் தந்தை எனப்படும் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்கு இட்ட பெயர் 'குளோரியோசா சூப்பர்பா' என்பது. இலத்தீன் திருப்பலியில் 'குளோரியா' பாடி வளர்ந்த நம் முதியோர்க்கு முதற்சொல்லின் பொருளை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் சொல் பெருமிதத்தைக் குறிக்கும். தலையான பாவங்கள் ஏழினுள் முதலாவதற்கும் இலத்தீனில் அதே வேர்தான்! இவ்வளவு மாட்சியும் பெருமிதமும் பெயரில் சுமக்கும் செடியை எங்கள் ஊரார் 'கண்வலிக்கிழங்கு' என்று சொல்லி ஒதுக்கிவிட்டனர். கார்த்திகையில் பூப்பதால் 'கார்த்திகைப்பூ' என்றும், கிழங்கு ஏர்க்கலப்பை போல் வளைந்திருப்பதால் 'கலப்பைக்கிழங்கு' என்றும் பெயர்கள் உண்டு. உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பது உண்மையா என்று ஒரு மருத்துவரிடம் கேட்டேன். சிரித்தார். "கண் வலிக்காது, ஆனால் அந்தப் பயத்தை யாரும் போக்கிவிடாதீர்கள்" என்றார். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கொரங்காடும் கிளுவை வேலியும்

காங்கேயம் என்றதும் எவர்க்கும் நினைவுக்கு வருவது காளை. அக்காளைக்குப் பின்னால் ஒரு நிலம் இருக்கிறது. அதற்குக் 'கொரங்காடு' என்று பெயர். காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், கரூர்ப் பக்கம் என விரியும் இப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடப்பது. ஆண்டு மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்; அதுவும் உறுதியில்லை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று மட்டும் உறுதி. இத்தகைய செம்மண், சரளை நிலத்தில் உழுது பயிரிட்டு ஏமாறுவதைக் காட்டிலும், கொழுக்கட்டைப் புல்லை விதைத்து, ஊடே வெள்வேல மரங்களை நிற்கவிட்டு, சுற்றிலும் முள்கிளுவையால் உயிர்வேலி கட்டி மாடு மேய்ப்பதே மேல் என்று நம் முன்னோர் கண்டனர். வேலிக்குள் மாட்டை விட்டுவிட்டால் மேய்ப்பனே தேவையில்லை. ஒரு காடு மேய்ந்து முடிந்ததும் அடுத்த காட்டிற்கு மாற்றுவர். மேய்ந்த நிலம் ஓய்வு கொள்ளும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய காங்கேயம் இனம் இந்நிலத்தில் வளர்ந்ததே. இன்று குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம், மாட்டோடு சேர்த்து இம்மேய்ச்சல் நிலத்தையும் காக்க வேண்டும் என்று எடுத்துரைத்து வருகிறது. மாட்டை மட்டும் காத்துப் புல்லைக் கைவிட்டால் எப்படி?

கொரங்காட்டின் சிறப்பு அதன் வேலியில் இருக்கிறது. முள்கிளுவைக் கொம்பை வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினால் வேர்பிடித்துவிடும். கோடையில் இலையுதிர்த்து வெறும் முள்ளாய் நிற்கும். மழை பெய்ததும் தளிர்க்கும். இங்கே ஓர் இடைச்செருகல். மூவரசர்கள் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கையாகக் கொணர்ந்த வெள்ளைப்போளம் எந்த மரத்தின் பிசின் தெரியுமா? நம் கிளுவையின் உடன்பிறப்பான ஓர் அரபு, ஆப்பிரிக்க மரத்தின் பிசின். தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்துள்ளனர். இதை அறிந்தபின் கிளுவை வேலியைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கிறிஸ்து பிறப்புக் குடில் நினைவுக்கு வருகிறது!

அந்த வேலி ஒரு சிறு காடு. நான்கைந்து அடி அகலத்தில், உழவன் கலப்பை புகாத, மாட்டின் வாய் எட்டாத மண் அது. ஆண்டுதோறும் உதிரும் இலைகள் மக்கி அடியில் ஈரம் காக்கும். பிரண்டையும் கோவைக்கொடியும் அதன்மேல் ஏறும். கீரியும் காடையும் கௌதாரியும் அடியில் ஒளியும். காந்தளுக்கு வேண்டிய யாவும் அங்கே இருக்கின்றன. கோடையெல்லாம் அதன் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். முதல் மழை இறங்கியதும், கலப்பை வடிவக் கிழங்கின் முனையில் இருக்கும் ஒரே முளை மேலெழும். ஒரே முளை என்பதைக் கவனியுங்கள். கிழங்கின் ஒவ்வொரு கிளைக்கும் முனையில் ஒன்றுதான். அது ஒடிந்தால் அக்கிளை வீண். தண்டு மெலிது, தானாக நிற்காது. ஆகவே ஒவ்வோர் இலையும் தன் நுனியைச் சுருள்கம்பியாக நீட்டி, கிளுவை முள்ளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பற்றுக்கம்பிக்கெனத் தனி உறுப்பு இல்லை, இலையே கை. இவ்வாறு இலைக்கு இலை பிடித்து, வேலியின் உச்சிக்கு ஏறி, வெயிலைக் கண்டதும் பூக்கும்.

பூவின் நிறம் மாறுவது தனிக்காட்சி. முதலில் பச்சை, பிறகு அடியிலிருந்து மஞ்சள், பின்னர் நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, வாடுமுன் முழுதும் குருதிச் சிவப்பாகிவிடும். ஒரே கொடியில் இத்தனை நிலைகளையும் ஒருசேரக் காணலாம். இதழ்கள் ஆறும் பின்னோக்கி வளைந்துவிட, மகரந்தத் தாள்கள் ஆறும் சக்கரத்தின் ஆரங்களைப் போல் பக்கவாட்டில் விரியும். சூல்தண்டோ அடியிலேயே செங்கோணமாக வளைந்து ஒரு பக்கமாக நீண்டுவிடும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் விழாதிருக்க இந்த ஏற்பாடு. வேறொரு பூவிலிருந்து வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ மகரந்தத்தைச் சுமந்து வர வேண்டும். வந்தால்தான் காய்; காய் வெடித்தால் உள்ளே ஆரஞ்சு நிற விதைகள்.

இக்கொடியைத் தின்னத் துணிந்த உயிரும் ஒன்று உண்டு. கருநிற உடலில் வெள்ளையும் செம்மஞ்சளுமாய்ப் புள்ளியிட்ட ஒரு புழு. இதன் இலையை மொட்டையாக்கிவிடும். பின்னர் அந்துப்பூச்சியாய்ப் பறந்துவிடும். மாடு தின்றால் மாண்டுபோகும் இலையை இப்புழு எவ்வாறு செரிக்கிறது என்பது வியப்பே.

மருந்தும் நஞ்சும்

இக்கொடியின் ஒவ்வோர் உறுப்பிலும் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. 1820-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர்களான பெல்லெத்தியே, காவந்தூ இருவரும் இதை ஐரோப்பிய உறவுச்செடி ஒன்றிலிருந்து முதன்முதல் பிரித்தெடுத்தனர். உடலின் உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதற்குள் நுண்ணிய இழைகள் தோன்றி, மரபுத்திரிகளை இருபுறமும் இழுத்துச் செல்லும். கோல்ச்சிசின் அவ்விழைகள் உருவாவதையே தடுத்துவிடும். மிகச் சிறிய அளவில், மருத்துவர் கணக்கிட்டுத் தரும்போது, அது யூரிக் அமிலத்தால் கால் பெருவிரலில் வரும் பொறுக்கவியலாத வீக்கத்தைத் தணிக்கிறது. 2023-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதயக் குருதிக்குழாய் நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் அதைத் தர ஒப்புதல் அளித்தது. 1930-களிலிருந்து பயிர் ஆய்வாளர்கள் இதைக்கொண்டு மரபுத்திரிகளை இரட்டிப்பாக்கிப் புதிய இனங்களை உருவாக்கி வருகின்றனர்.

அளவு மீறினாலோ, உயிரணு பிரிய வேண்டிய இடமெல்லாம் நின்றுபோகும். கிழங்கை உண்டவர்க்குச் சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. பின்னர் குருதி அணுக்கள் குறைந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கும். பிழைத்தவர்க்கும் தலைமயிர் கொட்டிவிடும். இலங்கையில் இக்கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றெண்ணி வேகவைத்து உண்டு இறந்தோர் உண்டு என மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. வேகவைப்பதால் நஞ்சு போய்விடாது. எளிதில் கிடைக்கும் மாற்று மருந்தும் இல்லை. தாய்மார்களே, குழந்தையோ கால்நடையோ இதை வாயில் வைத்தது தெரிந்தால் கைமருந்து தேடி ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன தின்றது என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் செடியின் ஒரு துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். கண்வலி வரும் என்ற பாட்டிமார் பயத்தைப் போக்க வேண்டாம் என்று அம்மருத்துவர் சொன்னதன் காரணம் இதுவே. விரலில் பட்ட நஞ்சு வாய்க்குப் போகாதிருக்க, அச்சிறு பொய்யைவிட எளிய காவல் வேறில்லை.

மருந்தின் பொருட்டு இவ்விதைக்கு வெளிநாட்டில் தேவை உண்டு. கோல்ச்சிசின் கிழங்கைக் காட்டிலும் விதையில் மிகுதி. ஆகவே கடந்த சில பத்தாண்டுகளில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் இது வயற்பயிராகிவிட்டது. ஆடி, ஆவணியில் கிழங்கு ஊன்றுவர். தை, மாசியில் காய் பறிப்பர். வயலில் கொடி ஏறுவதற்கு அவர்கள் நடுவது எது தெரியுமா? அதே முள்கிளுவை, அல்லது விராலிக் கொம்பு. வேலியிலிருந்து வயலுக்கு வந்தபோதும் காந்தள் தன் பழைய துணையை விடவில்லை.

வயலில் விடியற்காலை முதல் முற்பகல் வரை பெண்கள் வரிசையாய்ச் சென்று, ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூல்முடியில் கையாலேயே தடவுவர். பூச்சியை மட்டும் நம்பினால் காய் போதாது. பூக்கும் நாட்களில் ஒரு காலைகூட விட முடியாது. மூலனூர்ப் பக்கத்தில் ஓர் உழவரின் தோட்டத்தில் இவ்வேலையைப் பார்த்தேன். "முன்னெல்லாம் பூச்சியே பாதி வேலையப் பாத்துக்குமுங்க. மருந்தடிச்சு மருந்தடிச்சு இப்ப அதுவும் வர்றதில்லீங்க. திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு ஆளுங்க போயிட்டாங்க, பூவு தொடைக்க ஆளுக் கெடைக்க மாட்டேங்குதுங்க" என்றார். ஏக்கருக்கு ஏறக்குறைய நூறு கிலோ உலர்விதை கிடைத்தால் நல்ல விளைச்சல். விலையோ ஆண்டுக்கு ஆண்டு ஏறியிறங்கும். உயர்ந்த ஆண்டில் கடன் வாங்கிப் பயிரிட்டவர், அறுவடையின்போது வணிகர் சொன்ன விலைக்கே தந்துவிட்டு வந்ததை அவ்வுழவர் சொன்னபோது, எனக்கு 1637-ஆம் ஆண்டின் ஒல்லாந்து நினைவுக்கு வந்தது. அரசு ஆதரவு விலை அறிவிக்க வேண்டும் என்பது இவ்வட்டார உழவரின் நெடுநாள் வேண்டுகோள்.

இனி நான் சொல்ல வந்த இடத்திற்கு வருகிறேன். விதைக்காகப் பயிரிட்டாலும் நடுவது கிழங்கையே. விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு பொறுக்க யாரால் இயலும்? ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய எண்ணூறு கிலோ கிழங்கு வேண்டும். அத்தனை கிழங்குக்கு எங்கே போவது? முதலில் பயிரிட்டோர்க்கு வேலிகளே கிழங்குக் கிடங்காயின. விலை ஏறும்போதெல்லாம் கடப்பாரையோடு ஆட்கள் வேலி வேலியாய்த் தோண்டினர். இன்று வயலிலேயே கிழங்கு பெருகிவிட்டதால் உழவர்கள் தமக்குள் வாங்கி விற்றுக்கொள்கின்றனர். ஆயினும் வேலியில் தோண்டுவது அடியோடு நிற்கவில்லை. வயலில் பெருகிய அதே ஆண்டுகளில் வேலியில் அது அருகிவிட்டது. உலகம் முழுவதையும் எண்ணினால் காந்தள் அரிய செடியே அன்று. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாக உண்டு, ஆஸ்திரேலியக் கடற்கரைகளிலோ களையென்று பிடுங்குகின்றனர். ஆனால் ஒரு வட்டாரத்தின் வறட்சிக்கும் மண்ணுக்கும் தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய காட்டுக்கொடி அவ்வட்டாரத்தில் மறைந்தால், ஆஸ்திரேலியாவில் இருப்பதால் நமக்கென்ன பயன்? வயற்பயிருக்கு நாளை கிழங்கழுகலோ இலைக்கருகலோ வந்து தாக்கினால், அதைத் தாங்கும் வலிமையை இவ்வேலிக்கொடிகளில்தான் தேட வேண்டியிருக்கும். துலிப்பின் கதையும் இதுவே. தோட்டத்துத் துலிப் கோடிக்கணக்கில் விற்பனையாகும் காலத்தில், நடு ஆசியாவில் அதன் காட்டு மூதாதைகள் பலவும் மேய்ச்சலாலும் பறிப்பாலும் அருகி வருகின்றன.

தோண்டுவோர் மட்டும் காரணர் அல்லர். வேலியே போய்க்கொண்டிருக்கிறது. கிளுவை வேலிக்கு ஆண்டுதோறும் இடைவெளி அடைக்கவும் கழிக்கவும் ஆள் வேண்டும், கம்பிவேலிக்கு வேண்டியதில்லை. வாய்க்கால் பாசனமோ ஆழ்துளைக் கிணறோ வந்த இடத்தில் கொரங்காடு தென்னந்தோப்பாகிறது. சாலையோரத்தில் வீட்டுமனையாகிறது, ஆலையாகிறது. நான்கடி அகல வேலி என்பது விலையுயர்ந்த மண்ணில் வீணான நான்கடி என்று கணக்குப் பார்க்கிறோம்.

நானும் அக்கணக்கைப் பார்த்தவனே. அந்தச் சிறுவனைக் கண்ட கல்லறைத் திருநாளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன், கல்லறைத் தோட்டத்திற்கு மதிற்சுவர் எழுப்ப வேண்டும் என்று எங்கள் பங்குப் பேரவையில் பேச்சு வந்தது. ஆடு புகுகிறது, பாம்பு வருகிறது, வேலி பார்க்க அழகாயில்லை என்றனர். கையுயர்த்தியவர்களுள் நானும் ஒருவன். ஒரே முற்பகலில் பொக்லைன் இயந்திரம் வந்து மேற்கு, வடக்கு, கிழக்கு ஆகிய மூன்று பக்க வேலியையும் வாரி எடுத்துவிட்டது. ஐந்து தலைமுறைக் கிளுவை அது. மண்ணோடு புரண்ட கிழங்குகள் எத்தனையோ, எவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மூன்று பக்கச் சுவர் முடிந்ததும் பணம் தீர்ந்தது. தென்புற வேலி தப்பியது அதனால்தான். எங்கள் நல்லெண்ணத்தால் அன்று. அச்சிறுவன் கைநீட்டிய பூக்கள் அவ்வேலியில்தான் நின்றன.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுவாரம் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பயின்ற என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் இயேசு சபைக் குருவானவர் கே. எம். மத்தேயு அவர்களைப் பற்றிக் கூறினார். அக்கல்லூரியில் 1967-ஆம் ஆண்டு இராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவி, தமிழகத்தின் வறண்ட சமவெளிகளிலும் குன்றுகளிலும் ஆண்டுக்கணக்கில் நடந்து, செடி செடியாய்ச் சேகரித்து, 1980-களில் பெருந்தொகுதிகளாக வெளியிட்டவர் அவர். 2004-ஆம் ஆண்டு இறையடி சேர்ந்தார். எவரும் திரும்பிப் பாராத முட்புதர்களுக்கும் களைகளுக்கும் ஒரு குருவானவர் தம் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார். அவர் காலடி பட்ட தமிழகத்தில், என் ஊர் வேலியில் நிற்பது எதுவென்றே தெரியாமல் நான் கையுயர்த்தியிருக்கிறேன்.

நண்பர் மற்றொன்றும் சொன்னார். இஸ்ரயேல் நாட்டில் காட்டு மலர்களை மக்கள் கட்டுக்கட்டாய்ப் பறித்து விற்று வந்தனர். செந்நிற அனிமோனும் காட்டுத் துலிப்பும் ஊர்ப்புறங்களில் அருகின. 1960-களில் சட்டம் இயற்றியதோடு நில்லாமல், மலர்ப்படங்கள் அச்சிட்ட சுவரொட்டிகளைப் பள்ளிகளெங்கும் ஒட்டி, பறிக்காதே என்று குழந்தைகளுக்குச் சொன்னார்கள். குழந்தைகள் பெற்றோரைத் தடுத்தார்கள். சில ஆண்டுகளில் பறிக்கும் வழக்கமே ஓய்ந்தது. நம் ஊரில் சுவரொட்டி வேண்டாம். பாட்டிமார் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவருகின்றனர்.

பங்குப் பேரவையில் மீண்டும் சுவர்ப் பேச்சு வந்தபோது, நான் எழுந்து என் பழைய வாக்குக்கு மன்னிப்புக் கேட்டேன். சிலர் சிரித்தனர். "வாத்தியாருக்கு வயசாயிருச்சு, பூவப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றார் ஒருவர். பங்குத்தந்தை சிரிக்கவில்லை. பாம்பு புகும் என்ற அச்சம் நியாயமானதே என்றும், வேலிக்கு உட்புறமாக இரண்டடி தள்ளிக் கம்பிவலை அடித்துவிட்டு வேலியை அப்படியே விட்டுவிடலாம் என்றும் அவர் கூறினார். நீண்ட விவாதத்திற்குப் பின், இரண்டு வாக்கு மிகுதியில் அது ஏற்கப்பட்டது. சிறுவர்கள் கை எட்டாதபடி வலை இருப்பது தாய்மார்க்கும் நிறைவளித்தது.

சென்ற ஆடியில், முன்னர்க் கூறிய மூலனூர் உழவர் தம் வயலிலிருந்து நான்கு கிழங்குகள் தந்தார். முனைமுளை ஒடியாமல் வைக்கோலில் பொதிந்து கொணர்ந்து, சுவர் எழுந்த மேற்குப் பக்கத்தில் புதிதாக ஊன்றிய கிளுவைக் கொம்புகளின் அடியில் நட்டேன். வயற்கிழங்கு வேலிக்குத் திரும்புவதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்கும் பட்டது. பணம் வாங்க மறுத்துவிட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை அருகிலேயே நின்றார்.

சென்ற கல்லறைத் திருநாளன்று தென்புற வேலியில் பதினொரு பூக்களை எண்ணினோம். எண்ணியவன் அதே சிறுவன். இப்போது உயர்நிலைப்பள்ளியில் படிக்கிறான். பாட்டி அதற்கு முந்தைய பங்குனியில் இறந்துவிட்டார். அவரது கல்லறை வேலியிலிருந்து நான்காவது. நான் நட்ட கிழங்குகளில் இரண்டு முளைத்து ஒரு முழம் ஏறியிருக்கின்றன. அவை இன்னும் பூக்கவில்லை.